சாவியும் கணக்கும்: கிரிப்டோ குழுமங்களில் தலைமையும் கண்காணிப்பும்

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்தார். அவர் உறுப்பினராயிருந்த கிரிப்டோ நாணயக் குழுமம் ஒன்றின் சாசனம் அது. ஹலாலா, ஹராமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு. "ஹஜ்ரத், பொது நிதியின் சாவி ஐந்து பேர் கையில் இருக்கிறது. அவர்களில் மூவர் கையொப்பமிட்டால் பணம் வெளியே போகும். எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்கிறார்கள் அவர்கள். கேட்காமல் எடுத்தால் அது மோசடி என்கிறார்கள் எங்களில் சிலர். ஃபிக்ஹில் இதற்கு என்ன பெயர்?"

அன்று நான் அவருக்குச் சொன்ன விடை அரைகுறையானது. அதை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை. கிரிப்டோ நாணயம் ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இன் தொடக்கத்தில் கூடாது என்று சொன்னது. இந்தோனேசிய உலமாப் பேரவை 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவதை விலக்கியது. நிபந்தனைகளுடன் ஏற்போரும் உளர். அந்த விவாதத்திற்குள் நான் இங்கு நுழையவில்லை. பலருடைய செல்வம் சிலருடைய கையில் சேரும்போது, அச்சிலருக்கு எவ்வளவு சுதந்திரம், அப்பலருக்கு எவ்வளவு கண்காணிப்பு என்பதே நம்முன் உள்ள கேள்வி. இது கணினியோடு பிறந்த கேள்வியன்று. கொங்கு நாட்டார் கூட்டுறவுச் சங்கத்திலும், சீட்டுக் கம்பெனியிலும், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இதை நெடுங்காலமாகச் சந்தித்துவருகின்றனர்.

நம்பிக்கை வேண்டாத அமைப்பா?

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான பிட்காயின் ஆய்வறிக்கை ஒன்பதே பக்கங்கள் கொண்டது. அதன் வாதம் வரம்புடையது: ஒரே நாணயத்தை ஒருவர் இருமுறை செலவழிக்காமல் தடுப்பதற்கு இடைத்தரகர் மீது நம்பிக்கை வைக்கத் தேவையில்லை, எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேடே போதும் என்பதுதான் அது. இந்த அளவில் அவ்வாதம் செல்லும். பின்வந்தோர் இதை நிர்வாகத்திற்கும் நீட்டினர். பேரேட்டுக்கு நம்பிக்கை வேண்டாம் என்றால் தலைமைக்கும் வேண்டாம், நிரலே சட்டம் என்றனர். நம் உஸூல் நூல்களில் இத்தகைய ஒப்பீட்டுக்குக் 'கியாஸ் மஅல் ஃபாரிக்' என்று பெயர். அடிப்படையில் வேறுபாடு இருக்க, அதைக் காணாமல் ஒன்றன் சட்டத்தை மற்றொன்றுக்குச் சொல்வது. பேரேடு நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. தலைமையோ இனி நடக்க வேண்டியதைத் தீர்மானிக்கிறது. முன்னதற்குக் கணிதம் போதும். பின்னதற்கு மனிதர் வேண்டும். மனிதர் வரும் இடத்தில் அமானத்தும் வந்தே தீரும்.

2016ஆம் ஆண்டு இதைத் தெளிவாகக் காட்டியது. எத்தீரியம் என்ற தளத்தின்மீது 'தி டாவோ' என்ற முதலீட்டுக் குழுமம் அவ்வாண்டு தொடங்கப்பெற்றது. இயக்குநர் குழு கிடையாது. உறுப்பினர் வாக்கும் நிரலுமே ஆட்சி செய்யும் என்றார்கள். சுமார் 15 கோடி டாலர் சேர்ந்தது. ஜூன் மாதம் நிரலிலிருந்த ஓட்டை வழியாக ஒருவர் 36 இலட்சம் ஈதரை இழுத்துச் சென்றார். நடுவே நிறுத்தும் அதிகாரம் எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. எடுத்த பணத்தைச் சில வாரங்கள் வெளியே கொண்டுபோக முடியாது என்று நிரலில் இருந்த ஒரு காத்திருப்பு விதியே அவகாசம் தந்தது. அந்த இடைவெளியில் எத்தீரியத்தின் முன்னணியினர் கூடிப் பேசினர், வாக்கெடுப்பும் நடந்தது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் பேரேட்டையே மாற்றி எழுத இசைந்தனர். எனினும் வாக்களித்தவை மொத்த நாணயத்தில் ஒரு சிறு பங்கே. ஜூலை 20 அன்று பேரேடு இரண்டாகப் பிரிந்தது. மாற்றத்தை ஏற்காதோர் பழைய பேரேட்டையே 'எத்தீரியம் கிளாசிக்' என்ற பெயரில் தொடர்ந்தனர்.

அவர்கள் செய்தது சரியா, தவறா என்று பலர் எழுதியிருக்கின்றனர். என் கவனம் வேறொன்றில். தலைமை வேண்டாம் என்று எழுதிவைத்த இடத்தில், நெருக்கடி நேர்ந்தவுடன் தலைமை தானே தோன்றிவிட்டது. எழுத்தில் இல்லாத தலைமையாதலால் அதன் எல்லையும் எழுத்தில் இல்லை. இதுவே முதற்குறை. தலைமையை மறுப்பதனால் அது ஒழிவதில்லை. கணக்குக் கேட்க முடியாத இடத்திற்கு ஒதுங்கிக்கொள்கிறது.

தலைக்கணக்கும் நாணயக்கணக்கும்

உறுப்பினர் கண்காணிப்புக்கு இக்குழுமங்கள் கண்ட வழி வாக்கு. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு தலைக்கு ஒரு வாக்கு அன்று. ஒரு நாணயத்துக்கு ஒரு வாக்கு. இதன் விளைவை இரு நிகழ்ச்சிகள் காட்டும்.

ஸ்டீம் என்ற எழுத்தாளர் குழுமத்தின் தாய் நிறுவனத்தை 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்ற வணிகர் விலைக்கு வாங்கினார். அந்நிறுவனத்திடம் இருந்த பெரும் நாணயக் குவியல் குழும வளர்ச்சிக்கென ஒதுக்கியது. அதைக்கொண்டு வாக்களிப்பதில்லை என்பது பழைய வாக்குறுதி. அது காப்பாற்றப்படுமா என்று ஐயுற்ற நிர்வாகிகள் அக்குவியலை முடக்கினர். மார்ச் தொடக்கத்தில் சில பெரிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர் தம்மிடம் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே வாக்களித்து அந்நிர்வாகிகளை இறக்கின. பாதுகாப்புக்காக ஒப்படைத்த பொருள், உடையவனுக்குத் தெரியாமலேயே அவனுடைய குழுமத்தைக் கைப்பற்றும் கருவியானது. கண்டனம் எழுந்தபின் அச்சந்தைகளுட் சில தம் வாக்கைத் திரும்பப் பெற்றன. உறுப்பினரில் ஒரு பகுதியினர் மார்ச் 20 அன்று 'ஹைவ்' என்ற பெயரில் பிரிந்து சென்றனர்.

இரண்டாவது நிகழ்ச்சி 2022 ஏப்ரலில் நடந்தது. பீன்ஸ்டாக் என்ற திட்டத்தில் ஒருவர் கணநேரக் கடனாக ஏறக்குறைய 100 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களைப் பெற்று, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குரிமையைத் தேடிக்கொண்டார். ஒருநாள் முன்னரே தாக்கல் செய்திருந்த தீர்மானத்தை அவசர விதியின் கீழ்த் தாமே நிறைவேற்றினார். கடன் பெற்றதும், வாக்களித்ததும், நிதியைக் காலிசெய்ததும், கடனைத் தீர்த்ததும் ஒரே பரிவர்த்தனையில் முடிந்தன. திட்டத்துக்கு நேர்ந்த இழப்பு சுமார் 18 கோடி டாலர். நிரல் மீறப்படவில்லை என்பதே இதில் உள்ள துயரம். விதிப்படியே கொள்ளை நடந்தது.

இரு நிகழ்ச்சிகளிலும் வாக்கு, மனிதனை விட்டு நீங்கிப் பொருளோடு ஒட்டிக்கொண்டது. பொருளை வாங்கலாம், கடன் பெறலாம், பிறரது அமானத்தாக வைத்திருக்கலாம். பொறுப்பை அவ்வாறு கைமாற்ற இயலாது. மேலும், சிந்தித்துப் பார்க்கும் அவகாசம் இரண்டாவது நிகழ்ச்சியில் அற்றுப்போயிற்று. விற்பனையில் மூன்று நாள்வரை ஒப்பந்தத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையை நிபந்தனையாக வைத்துக்கொள்ள இமாம் அபூ ஹனீஃபாவும் இமாம் ஷாஃபிஈயும் இடம் தந்தனர். ஒரு பொருளை வாங்குவதற்கே மறுசிந்தனைக்கு நாள் கொடுத்த மரபுக்கு, பொது நிதி ஒன்றை ஒரே நொடியில் கரைக்கும் விதி எவ்வளவு அயலானது என்று சொல்லவும் வேண்டுமோ?

கொங்கு நாட்டின் பட்டறிவு

ஒரு தலைக்கு ஒரு வாக்கு என்ற முறையை நம் வட்டாரம் நன்கறியும். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்நாட்டில் தோன்றின. கோவையில் அவ்வியக்கத்தை வளர்த்தோருள் முதன்மையானவர், பின்னாளில் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்த தி. அ. இராமலிங்கம் செட்டியார். சென்னிமலை நெசவாளர்களைச் சங்கமாகத் திரட்டிய எம். பி. நாச்சிமுத்துவின் பெயரும் இங்கு நினைக்கத்தக்கது. நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் பேரவைக் கூட்டத்தில் கை ஒன்றுதான். அதே வேளையில் தலைமைக்கும் இடம் இருந்தது. திருச்செங்கோட்டில் பருத்தியோ மஞ்சளோ ஏலத்துக்கு வரும் நாளில், ஒவ்வொரு மூட்டைக்கும் பேரவையைக் கூட்ட முடியாது. அந்த நேரத்தில் முடிவெடுப்பவரின் கை கட்டப்பட்டிருந்தால் விவசாயிக்கே நட்டம். அவர் அன்று முடிவெடுக்கட்டும். ஆண்டு முடிவில் கணக்கை விரித்துக் காட்டட்டும் என்பதே ஏற்பாடு. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் தணிக்கை, 81ஆம் பிரிவின்படி விசாரணை, 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை என்று படிப்படியாக இதற்கு வகை செய்கிறது.

ஏற்பாடு சிறந்ததே, நடைமுறை பல இடங்களில் சிறக்கவில்லை. பேரவைக் கூட்டத்திற்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, பலகாரப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வரவு செலவு வாசிக்கப்படும் முன்னரே எழுந்து போகும் உறுப்பினரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உறுப்பினர் விட்ட இடத்தில் அரசு அமர்ந்தது. தேர்ந்தெடுத்த குழு இல்லாமல் தனி அலுவலரே சங்கத்தை நடத்திய காலங்கள் பல. 2018இல் தேர்வான குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்தபோதும் அதுவே நடந்தது. மேலிருந்து வரும் கண்காணிப்பு திருட்டை ஓரளவு தடுக்கலாம். ஆனால் அது உறுப்பினரைச் சங்கத்தின் உரிமையாளர் என்ற நிலையிலிருந்து விண்ணப்பதாரர் என்ற நிலைக்கு இறக்கிவிடுகிறது.

கண்காணிப்பே இல்லாத மறுகோடியையும் இதே மண் கண்டது. 2008, 2009 ஆண்டுகளில் திருப்பூரை மையமாகக் கொண்டு இயங்கிய பாசி அந்நியச் செலாவணி நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாயைத் திரட்டி மோசடி செய்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த அவ்வழக்கில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2012இல் பெருந்துறையை ஒட்டி ஈமு பண்ணைகள் சரிந்தன. வைப்பீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு முன்னரே இருந்தது. சட்டம் இருந்தது, காவல் நிலையம் இருந்தது, படித்த மக்களும் இருந்தனர். கேட்பார்தாம் இல்லை.

ஏன் கேட்கவில்லை? நெஞ்சை உறுத்தும் காட்சி ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் கோவை நிறுவனம் ஒன்றின்மீது வழக்குப் பதிவானபோது அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் திரண்டனர். அந்த வழக்கின் உண்மை பொய்யை நீதிமன்றமே சொல்லவேண்டும். நான் சுட்டுவது ஒன்றே: அவர்கள் கணக்குக் கேட்கத் திரளவில்லை, தலைமைக்கு ஆதரவு காட்டத் திரண்டனர். மாதந்தோறும் குறித்த தொகை வந்துகொண்டிருக்கும் வரையில் கணக்கைப் பார்க்கவேண்டிய தேவை மனிதனுக்குத் தோன்றுவதில்லை. 'வந்ததா, வரவில்லையா' என்பதே அவனது தணிக்கை. வராத நாளில் அவன் விழித்துக்கொள்கிறான். அப்போது தணிக்கை செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

ஒப்படைத்த பொருள்

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய நாணயச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. இழப்பை எல்லா வாடிக்கையாளரும் பகிர்ந்து ஏற்கும் திட்டம் ஒன்றைச் சிங்கப்பூரில் இருந்த தாய் நிறுவனம் அந்நாட்டு நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2025இல் இருமுறை நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒப்பினர். நீதிமன்றம் முதலில் மறுத்து, பின்னர் அக்டோபரில் இசைவளித்தது.

அதே அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வேறொரு குரல் எழுந்தது. களவுபோன வகையைச் சேராத எக்ஸ்ஆர்பி நாணயங்களை அச்சந்தையில் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், தம் பொருளைப் பிறர் இழப்புக்கு ஈடாக்கக்கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்பு வேண்டினார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவருக்குப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதைப் பிறர்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க இயலும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வாடிக்கையாளர் நிதியைத் தனியே வைத்தல், சுதந்திரமான தணிக்கை ஆகிய கடமைகளையும் அது வலியுறுத்தியது.

பெரும்பான்மை வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது. நூற்றில் தொண்ணூறு பேர் கைதூக்கினாலும், எஞ்சியவனின் தனிப்பொருள் பொதுப்பொருள் ஆகிவிடாது. நம் சொல்லில் சொன்னால், 'வதீஆ' என்னும் காப்பு ஒப்படைப்பும், இலாப நோக்கில் கலந்த கூட்டு முதலும் வேறு வேறு. முன்னதில் தலைமைக்கும் அதிகாரமில்லை, மற்ற உறுப்பினருக்கும் அதிகாரமில்லை. எது எந்த வகை என்று முதல்நாளே எழுதாத சாசனம், எத்தனை பக்கம் நீண்டாலும் குறையுடையதே.

முளாரபா தரும் அளவுகோல்

இனி என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பொது நிதியைக் கொண்டு தொழில் செய்யும் தலைமைக்கு மிக நெருங்கிய வடிவம் முளாரபா. ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். அரபிக் கல்லூரிகளில் நாம் ஓதிக்கொடுக்கும் ஹிதாயா இதில் தலைமையின் சுதந்திரத்தை வியக்கத்தக்க அளவு காக்கிறது. முதல் தந்தவர் தாமும் கூடவே நின்று தொழில் செய்வேன் என்று நிபந்தனையிட்டால் ஒப்பந்தமே கெட்டுவிடும். நேர்மையாக உழைத்தும் நட்டம் நேர்ந்தால் உழைத்தவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. அவர் 'அமீன்', நம்பிக்கைக்குரியவர். ஆனால் இந்த ஊரில், இந்தப் பொருளில் மட்டும் வணிகம் செய் என்று வரம்பிட்டிருந்து அவர் அதை மீறினால், அக்கணமே அமீன் என்ற தகுதி போய் ஈடுகட்டும் பொறுப்பு வந்துவிடும். எல்லைக்குள் முழுச் சுதந்திரம். எல்லையைத் தாண்டினால் முழுப் பொறுப்பு. எனவே அந்த ஐவருள் மூவரின் கையொப்பம் தன்னளவில் மோசடியன்று. எல்லை எழுதப்படாமல் இருப்பதே கோளாறு.

இதைவிட ஆழமான விதி ஒன்றுண்டு. முளாரபாவில் இருவருக்கும் இலாபத்தில் விகிதப் பங்குதான் பேசலாம். ஒருவருக்கு இவ்வளவு ரூபாய் என்று அறுதித் தொகை குறித்தால் ஒப்பந்தம் செல்லாது. இதை வட்டித் தடையின் கிளையாக மட்டுமே நாம் கற்பித்துவந்தோம். பாசி நிறுவனத்தின் கதையோடு சேர்த்துப் படித்தபின், இது கண்காணிப்பின் வேரும் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. பங்குக்கு உரியவன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டே ஆகவேண்டும். அறுதித் தொகைக்கு உரியவன் கேட்க வேண்டியதில்லை. கிரிப்டோ குழுமத்தில் இன்றைய விலையை மட்டும் பார்த்து, ஏறினால் விற்றுவிட்டு நீங்க நினைப்பவனும் அப்படிப்பட்டவனே. அவனுக்கு வாக்குரிமை கொடுத்தாலும் அவன் கண்காணிப்பாளன் ஆகமாட்டான். பொதுப் பேரேடு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தும் படிப்பார் சிலரே என்பதன் காரணம் இதுதான்.

கணக்கு எவ்வளவு நுணுக்கமாக வேண்டும்? வக்ஃபு முத்தவல்லியைப் பற்றி 'துர்ருல் முக்தார்' நூலில் ஒரு விதி வருகிறது. அவர் நாணயமானவர் என்று அறியப்பட்டவராயின் காளி மொத்தக் கணக்கோடு நிறைவடையலாம். ஐயத்துக்கு உரியவராயின் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். ஐயத்தின் அளவுக்குக் கண்காணிப்பு என்ற இக்கோட்பாடு நுட்பமானது. எனினும் இதை அப்படியே இன்று எடுத்தாள முடியாது என்பது என் கருத்து. அந்நூலோர் வாழ்ந்த ஊரில் முத்தவல்லியைத் தெருவார் அறிவர். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதும் தெரியும். நாணயக் குழுமத்தின் தலைவரை உறுப்பினர் நேரில் கண்டதே இல்லை. சிலருக்குப் பெயர்கூடப் புனைபெயர். அறிமுகமே இல்லாத இடத்தில் 'நாணயமானவர் என்று அறியப்பட்டவர்' எவரும் இலர். ஆகவே அங்கு நுணுக்கக் கணக்கே பொது விதியாக வேண்டும். அதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கியபோது நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். தோழர் என்பதால் கணக்கு விடுபடவில்லை.

சாசனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவரிடம் நான்கு கேள்விகளை எழுதித் தந்தேன். எது ஒப்படைப்பு, எது முதலீடு? தலைமையின் எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வாக்கு தலைக்கா, நாணயத்துக்கா? தீர்மானத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே எத்தனை நாள்? அவர் படித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நம் மஹல்லாவில் கேட்டாலும் இதற்கு விடை கிடைக்குமா, ஹஜ்ரத்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு உரியது. வக்ஃபுச் சட்டப்படி முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அனுப்புகிறார். ஜும்ஆவுக்குப் பின் அதே கணக்கு மக்கள் முன் வாசிக்கப்படும் பள்ளிகள் உண்டு. வாசிக்கப்படாத பள்ளிகளும் உண்டு. வாசிக்கப்படும் இடங்களிலும் நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பல ஆண்டுகள் பைத்துல்மால் குழு ஒன்றில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எவரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதை மக்கள் என்மீது வைத்த நம்பிக்கை என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். அது நம்பிக்கையன்று; அக்கறையின்மை. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் முதல் உரையிலேயே, தாம் நேராக நடந்தால் துணைநிற்குமாறும் கோணினால் திருத்துமாறும் மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். திருத்தும் கடமை அன்று மக்கள் தோளில் ஏற்றப்பட்டது. அதை இறக்கிவைத்தவர்கள் நாம்.

அடுத்த கணக்கு வாசிப்புக்கு அந்த மாணவரை அழைத்திருக்கிறேன். முதல் கேள்வியை அவர் என்னிடமே கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.